சிறுநீரில் ரத்தம், கல்லும் இல்லை கிருமியும் இல்லை: அடுத்து எதைப் பார்ப்பது?

கெடிலக்கரை:

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 21 வயது, சிப்காட்டில் ஷிப்ட் வேலை. போன வாரம் தொண்டை வலியும் லேசான காய்ச்சலும் வந்தது. மறுநாளே சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போயிருக்கிறது. வலி, எரிச்சல், கடுப்பு எதுவும் கிடையாது. பயந்துபோய் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஆன்டிபயாடிக், கூடவே வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேனில் கல் இல்லை, கிட்னி இரண்டும் சரியான அளவில் இருக்கின்றன என்று ரிப்போர்ட். கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை.

இப்போது நிறம் தெளிந்துவிட்டது. ஆனால் நேற்று எடுத்த யூரின் டெஸ்டில் ரத்தம் மூன்று பிளஸ், ஆல்புமின் என்ற புரதம் இரண்டு பிளஸ். அம்மா "வெயில் சூடு, இளநீர் குடித்தால் சரியாகிவிடும்" என்கிறார். தம்பியும் "அதான் தெளிஞ்சிடுச்சே" என்று வேலைக்குக் கிளம்பிவிட்டான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இதை இப்படியே விடலாமா? விடக்கூடாது என்றால் யாரிடம் போவது, எந்த டெஸ்ட் முதலில்?

முத்தியால்பேட்டை:

விடாதீர்கள் அக்கா. எனக்கும் கல்லூரியில் படிக்கும்போது இதே மாதிரிதான் ஆரம்பித்தது. சளி பிடிக்கும், தொண்டை கட்டும், அடுத்த நாளே சிறுநீர் கறுக்கும். சில நாளில் தானாகத் தெளிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் இன்ஃபெக்‌ஷன் என்று மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு விட்டுவிட்டோம். கடைசியில் பயாப்ஸி செய்துதான் ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற கிட்னி நோய் என்று தெரிந்தது. தம்பிக்கு பிரஷர் பார்த்தார்களா? அந்த ஆல்புமின் இரண்டு பிளஸைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

மூலிகைப் பிரியன்:

சிறுபீளை, நெருஞ்சில் இரண்டையும் கஷாயம் வைத்து ஒரு மண்டலம் கொடுங்கள். வாழைத்தண்டு சாறு வெறும் வயிற்றில். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குக் கல் கரைந்து போனது. நம் ஊர் வெயிலுக்கு நீர்க்கடுப்பு வருவது சகஜம். பயப்பட வேண்டாம்.

வில்லியனூர் மருத்துவர்:

சகோதரி, நான் பொது மருத்துவர், சிறுநீரக நிபுணர் இல்லை. ஆனால் முதல் கட்டப் பரிசோதனை எங்களைப் போன்றவர்களிடம்தான் நடக்க வேண்டும், அதனால் எழுதுகிறேன். நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன்.

மூலிகை சொன்ன நண்பருக்கு முதலில். தம்பிக்குக் கல்லே இல்லையே. கல்லுக்கான கஷாயத்தால் இங்கே என்ன பயன்? இளநீரும் அப்படித்தான். சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும்போது நல்லது. வேலை குறைந்திருந்தால் அதிலுள்ள பொட்டாசியம் உடம்பில் தேங்கி இதயத்துடிப்பையே பாதிக்கும். கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் எவ்வளவு என்று தெரியும் வரை தம்பி இளநீரை அளவோடு வைத்துக்கொள்ளட்டும். வலி மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

அடுத்து, ரத்தம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. சிறுநீரகத்தின் வடிகட்டியிலிருந்தா, அதற்குக் கீழே உள்ள குழாய், பை, புராஸ்டேட் இங்கிருந்தா? இதற்குப் பதில் தெரியாமல் எந்த மருந்து கொடுத்தாலும் குருட்டாம்போக்குதான். கீழேயிருந்து வந்தால் பெரும்பாலும் சிவப்பாக, சில சமயம் கட்டிக்கட்டியாக, வலியோ கடுப்போ சேர்ந்து வரும். வடிகட்டியிலிருந்து வந்தால் காப்பி, டீ, கோலா நிறம். வலி இருக்காது. ரத்தக்கட்டி கிட்டத்தட்ட வராது. நிறம் ஏன் மாறுகிறது என்றால், சிவப்பணுக்கள் சிறுநீரகத்துக்குள் இருக்கும் நெஃப்ரான் என்ற நுண்குழாய்களில் மெதுவாக இறங்கி வரும்போது அமிலச் சிறுநீரில் ஹீமோகுளோபின் பழுப்பாகிவிடுகிறது.

கூடவே புரதமும் போனால் சந்தேகம் இன்னும் வலுக்கும். வடிகட்டியில் ஓட்டை விழுந்தால் ரத்த அணுவும் நழுவும், ஆல்புமினும் நழுவும். தொண்டை வலிக்கு மறுநாளே காப்பி நிறம், வலி இல்லை, கல்ச்சர் சுத்தம், ஆல்புமின் இரண்டு பிளஸ். உங்கள் தம்பி விஷயத்தில் எல்லாமே வடிகட்டியைத்தான் காட்டுகின்றன.

நாளைக்கே செய்ய வேண்டியது நான்கு. உட்கார வைத்து ஐந்து நிமிடம் கழித்து பிரஷர். ரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின். சிறுநீரில் புரதம் கிரியேட்டினின் விகிதம், லேபில் யூபிசிஆர் என்பார்கள். அது 0.2க்குக் கீழே இருந்தால் நல்லது, 0.5ஐத் தாண்டினால் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். நான்காவது, புதிதாக எடுத்த சிறுநீரை ஒருவர் தன் கண்ணால் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. அந்த நான்காவதுதான் பல இடங்களில் நடப்பதே இல்லை.

லேப் தேவி:

டாக்டர் சொன்ன நான்காவது என் தொழில். கடலூரில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

சிறுநீரில் முக்கிப் பார்க்கும் டிப்ஸ்டிக் பட்டையில் ரத்தம் மூன்று பிளஸ் என்று வந்தால் சிவப்பணு இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. அந்தப் பட்டை ஹீம் என்ற இரும்புள்ள நிறப்பொருளுக்குத்தான் நிறம் மாறும். உடைந்த அணுவின் ஹீமோகுளோபினுக்கும் மாறும், தசை நசுங்கி வரும் மையோகுளோபினுக்கும் மாறும். வைட்டமின் சி மாத்திரை நிறையச் சாப்பிட்டவர்களுக்கு ரத்தம் இருந்தும் மாறாமல் போகலாம். பீட்ரூட் சாப்பிட்டு, ரிஃபாம்பிசின் மாத்திரை போட்டு நிறம் மாறினால் பட்டை சும்மா இருக்கும். அதனால்தான் மைக்ரோஸ்கோப். பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு ஃபீல்டில் மூன்று அல்லது அதற்கு மேல் சிவப்பணு தெரிந்தால்தான் ரத்தம் போகிறது என்று கணக்கு.

எங்களிடம் வருகிறவர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்கு ரொம்ப வருத்தம். "சிறுநீர் வரணுமே" என்று வாசலில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொடுப்பார்கள். நீர்த்துப்போன சிறுநீரில் சிவப்பணு உப்பி உடைந்துவிடும். பட்டையில் ரத்தம் காட்டும், ஸ்லைடில் ஒன்றும் இருக்காது. இன்னும் சிலர் வீட்டிலேயே அதிகாலையில் பிடித்து, பையில் போட்டு, வேலைக்குப் போகும் வழியில் பத்து மணிக்குக் கொடுப்பார்கள். அதற்குள் காஸ்ட், அதாவது நெஃப்ரான் குழாயின் அச்சில் உருவாகும் உருளைகள், எல்லாம் கரைந்திருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் உப்புப் படிகம் வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். லேபுக்கே வந்து, முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, கையோடு கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். பெண்கள் மாதவிலக்கு நாட்களில் கொடுக்க வேண்டாம்.

நான் பத்து மில்லி எடுத்து ஐந்து நிமிடம் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுவேன். அடியில் சிவப்பாகப் படிந்து மேலே தெளிந்தால் சிவப்பணுதான். மேலே உள்ள நீரே சிவப்பாக நின்றால் டாக்டரை உடனே கூப்பிடுவேன், அது வேறு கதை. அடியில் இருப்பதில் ஒரு சொட்டு ஸ்லைடில் வைத்து, கண்டன்சரைக் கீழே இறக்கி வெளிச்சத்தைக் குறைத்து, குறைந்த பவரில் கவர்ஸ்லிப்பின் ஓரத்திலிருந்து தேட ஆரம்பிப்பேன். காஸ்ட் ஓரத்தில்தான் ஒதுங்கும். அப்புறம் பெரிய பவரில் சிவப்பணுவின் உருவம். பையிலிருந்தோ குழாயிலிருந்தோ வந்த அணு எல்லாம் ஒரே மாதிரி உருண்டையாக இருக்கும். வடிகட்டியில் நசுங்கி வந்தவை கோணல்மாணலாக இருக்கும். சில அணுக்களின் விளிம்பில் குட்டிக்குட்டியாகக் குமிழ் முளைத்திருக்கும், மிக்கி மவுஸ் காது போல. அகாந்தோசைட் என்று பெயர். நூற்றுக்கு ஐந்து இப்படி இருந்தாலே வடிகட்டியிலிருந்து வருகிறது என்று எழுதலாம். சிவப்பணுக்கள் நெஃப்ரான் குழாயின் அச்சில் உருளையாகச் சேர்ந்து வந்தால் அது ஆர்பிசி காஸ்ட். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் எல்லோருக்கும் கிடைக்காது. காஸ்ட் இல்லை என்று ரிப்போர்ட் வந்ததால் நோய் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது பெரிய லேப்களில் மெஷினே எண்ணிவிடுகிறது. வேகம்தான், ஆனால் உருவத்தைப் பார்க்கச் சொல்லி டாக்டர் சீட்டில் தனியாக எழுதினால்தான் மனிதக் கண் அதன் மேல் படும். எழுதச் சொல்லிக் கேளுங்கள் அக்கா.

பண்ருட்டி அம்மா:

தொண்டை வலி என்றதும் எனக்கு என் பையன் ஞாபகம் வந்துவிட்டது. அவனுக்கு அப்போது ஏழு வயது. மழைக்காலம் முடிந்து கை கால் எல்லாம் சிரங்கு, சீழ் வைத்த புண். மருந்து போட்டு ஆறியும் போச்சு. சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில் எழுந்தால் கண் இரண்டும் வீங்கி, முகமே மாறிப் போயிருந்தது. தூக்கம் அதிகம் என்று மாமியார் சொன்னார். சாயங்காலம் பார்த்தால் சிறுநீர் வரக்காப்பி. ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் இரண்டாவது தடவையும் பார்த்துவிட்டு, எங்களை அங்கேயே நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டார். சின்னப் பிள்ளைக்கு பிரஷர் ஏறும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சிரங்கில் இருந்த கிருமியால் வந்தது, கிருமி போன பிறகும் உடம்பு அதோடு போட்ட சண்டையின் மிச்சம் கிட்னியில் தங்கிவிட்டது என்று விளக்கினார்கள். சி3 என்று ஒரு ரத்த டெஸ்ட் குறைவாக இருந்தது. உப்பைக் குறைத்து, நீர் பிரிய மருந்து கொடுத்து, பிரஷருக்குப் பார்த்து அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து சி3 திரும்பப் பார்த்து, நார்மல் என்ற பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அப்புறமும் பல மாதம் இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. சிரங்குதானே என்று யாரும் அலட்சியமாக விடாதீர்கள், பிள்ளை வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

வில்லியனூர் மருத்துவர்:

பண்ருட்டி சகோதரி சொன்னதில் ஒரு முக்கியமான நுணுக்கம் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்குப் பின் வரும் நோயில் நடுவே இடைவெளி உண்டு. தொண்டை வலி என்றால் ஒன்று முதல் மூன்று வாரம், தோல் புண் என்றால் மூன்று முதல் ஆறு வாரம். கெடிலக்கரை சகோதரியின் தம்பிக்கு மறுநாளே நிறம் மாறியிருக்கிறது. அப்படி வந்தால் ஐஜிஏ நெஃப்ரோபதியைத்தான் முதலில் நினைப்போம். இந்த நோயை 1968இல் பாரிஸில் ழான் பெர்ஷே என்பவர் விவரித்தார். பயாப்ஸித் துண்டில் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் படிந்திருப்பதைப் பார்த்தால்தான் உறுதி. அதற்கென்று தனி ரத்த டெஸ்ட் கிடையாது.

சி3, சி4 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்கள் இரண்டையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்வேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸில் பெரும்பாலும் சி3 மட்டும் இறங்கும். எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோயில் இரண்டுமே இறங்கும். ஐஜிஏவில் இரண்டும் நார்மலாக இருக்கும். இளம்பெண்கள், மூட்டு வலி, முடி உதிர்வு, முகத்தில் சிவப்பு என்று இருந்தால் லூபஸைத் தேடும் ஏஎன்ஏ டெஸ்டும் சேர்த்து. ஹெபடைடிஸ் பி, சி, ஹெச்ஐவி மூன்றும் சிறுநீரகத்தைத் தொடக்கூடியவை என்பதால் எல்லோருக்கும் பார்க்கிறோம். யாரையும் சந்தேகப்பட்டு அல்ல.

மஞ்சக்குப்பம் பெரியவர்:

எல்லோரும் கிட்னியைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த இழையைப் படிக்கிறவர்களில் வயதானவர்களும் இருப்பார்கள், அதனால் எழுதுகிறேன். என் அண்ணனுக்கு அறுபதைத் தாண்டிய வயது. இளமையிலிருந்து பீடி. வலியே இல்லாமல் சிவப்பாகப் போயிற்று, இரண்டு நாளில் நின்றுவிட்டது. ஏற்கெனவே இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், அதனால்தான் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். சில மாதம் கழித்து கட்டிக்கட்டியாக வந்து சிறுநீரே அடைத்துக்கொண்டது. உள்ளே குழாய் விட்டுப் பார்த்ததில் மூத்திரப்பையில் கட்டி. ஆபரேஷன் ஆகி இப்போது நடமாடுகிறார். வலி இல்லை என்றால் கிட்னி வடிகட்டிதான் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வில்லியனூர் மருத்துவர்:

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நாற்பது வயதைத் தாண்டியவர், புகை பிடித்தவர், சாயத் தொழிலிலோ ரசாயனத்திலோ வேலை பார்த்தவர், யாராக இருந்தாலும் ஒரே ஒரு முறை ரத்தம் தெரிந்தாலும் யூராலஜி பார்த்து சிஸ்டாஸ்கோப்பி, அதாவது மூத்திரப்பைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது, வேண்டுமா என்று கேட்க வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஒளிந்திருக்கும் நோயை வெளியே காட்டிக் கொடுக்கிறதே தவிர, அதுவே காரணம் என்று விட்டுவிட முடியாது. ஆர்பிசி காஸ்ட் கிடைத்தாலும்கூட, அந்த வயதில் இரண்டு பக்கமும் பார்ப்பதுதான் முறை.

பாகூர்:

எங்கள் தெருவில் ஓர் அத்தை. அவருக்குச் சிறுநீர் நிறம் பெரிதாக மாறவே இல்லை. ஒரு மாதமாக அசதி, பசியில்லை, மூட்டு வலி. காலில் சிவப்புப் புள்ளிகள். அப்புறம் இருமினால் சளியில் ரத்தம். கிரியேட்டினின் முதலில் 1.4 என்றார்கள், வயதுக்குப் பரவாயில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வாரம் 5ஐத் தாண்டிவிட்டது. எதிர்ப்புச் சக்தி நம் ரத்தக் குழாய்களையே தாக்கும் நோயைக் காட்டும் ஏஎன்சிஏ என்ற டெஸ்ட் பாசிட்டிவ். ஸ்டீராய்டு ஊசியும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடும் கொடுத்துக் காப்பாற்றினார்கள், ஆனால் கிட்னி பாதிதான் திரும்பியது. முதல் 1.4 வந்தபோதே ஒரு வாரத்தில் திரும்ப எடுத்திருந்தால் என்று அவர் மகள் இன்றும் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

வில்லியனூர் மருத்துவர்:

பாகூர் நண்பர் சொன்னதை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். கிரியேட்டினின் ஒரு எண் அல்ல, அது போகும் திசைதான் செய்தி. சிறுநீரில் ரத்தமும் புரதமும் இருந்து, கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறினால் அது அவசர நோய். சிறுநீர் அளவு குறைவது, முகமும் காலும் வீங்குவது, மூச்சு வாங்குவது, இருமலில் ரத்தம், காலில் தடித்த சிவப்புப் புள்ளிகள், இதில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. ஓபி நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, எமர்ஜென்சிக்கே போக வேண்டும்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தம்பியை ஷிப்ட் மாற்றச் சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். பிரஷர் 146/94. இரண்டு கையிலும் பார்த்தார்கள். கிரியேட்டினின் 1.3. லேப் சீட்டில் நார்மல் 1.3 வரை என்றுதான் அச்சாகியிருக்கிறது. யூபிசிஆர் 1.4. சி3, சி4 நார்மல். தேவி அக்கா சொன்னபடி தண்ணீர் குடிக்காமல் லேபிலேயே கொடுக்க வைத்தேன். ஆர்பிசி (சிவப்பணு) 30 முதல் 40, டிஸ்மார்ஃபிக் (கோணல்மாணல்), ஒன்றிரண்டு ஆர்பிசி காஸ்ட் என்று எழுதித் தந்தார்கள்.

இன்னொன்று. டாக்டர் திசை என்று சொன்னதும் பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று பீரோவில் தேடினேன். போன வருஷம் வேலையில் சேரும்போது எடுத்த மெடிக்கல் கிடைத்தது. அதில் கிரியேட்டினின் 0.9. அதே தாளில் கீழே யூரின் ஆர்பிசி 8 முதல் 10 என்று போட்டிருக்கிறது. மேலே ஃபிட் என்று சீல். அப்போதே ரத்தம் போயிருக்கிறது, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வில்லியனூர் மருத்துவர்:

அந்தப் பழைய தாள் தங்கம், பத்திரமாக எடுத்துப் போங்கள். அது இரண்டு விஷயம் சொல்கிறது. 0.9 இருந்தது 1.3 ஆகியிருக்கிறது. மெலிந்த 21 வயதுப் பையனுக்கு லேபின் நார்மல் வரம்பை வைத்து ஆறுதல் அடைய முடியாது. கணக்குப் போட்டால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 125 மில்லி பக்கத்திலிருந்து 80க்கு வந்திருக்கிறது. சிறுநீர் கறுத்துப் போன சமயத்தில் கிரியேட்டினின் தற்காலிகமாகவும் ஏறலாம், அதனால் இந்த வாரமே இன்னொரு முறை எடுங்கள். இரண்டாவது, தொண்டை வலிக்கு ஒரு வருஷம் முன்பே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஆக இது புதிதாக வந்த நோய் அல்ல.

நெஃப்ராலஜிக்கு, அதாவது சிறுநீரக நிபுணரிடம், போயே ஆக வேண்டும். உங்களுக்குக் கோரிமேடு ஜிப்மர் பக்கம்தான். அங்கே நெஃப்ராலஜி துறை இருக்கிறது. காலையிலேயே கிளம்பி ஓபி சீட்டு போடுங்கள். எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள்.

போவதற்கு முன் வீட்டில் கேட்டு வையுங்கள். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே கிட்னி கெட்டுப் போனதா? காது மந்தமா? கண்ணில் ஏதாவது? அம்மா வழி, அப்பா வழி இரண்டும்.

கெடிலக்கரை:

படித்ததும் கை நடுங்கிவிட்டது டாக்டர். அம்மாவுடைய தம்பி, எங்கள் தாய்மாமா, நெல்லிக்குப்பத்தில் இருக்கிறார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே காது சரியாகக் கேட்காது. கரும்பு ஆலைச் சத்தம் என்று தாத்தா சொல்வாராம். முப்பது வயதுக்குள் கிட்னி இரண்டும் போய் டயாலிசிஸில் இருக்கிறார். பிரஷரால் கெட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். தம்பியும் டிவி சத்தத்தை ஏற்றி வைப்பான், இரண்டாம் தடவை கூப்பிட்டால்தான் திரும்புவான். போனில் பாட்டு கேட்டுக் கேட்டு ஆனது என்றுதான் திட்டுவோம்.

வில்லியனூர் மருத்துவர்:

சகோதரி, பதறாமல் படியுங்கள். தாய்மாமாவுக்கு இளம் வயதில் காதும் கிட்னியும் போய், மருமகனுக்குச் சிறுநீரில் ரத்தம் என்றால் ஆல்போர்ட் நோயை நினைக்காமல் இருக்க முடியாது. 1927இல் சிசில் ஆல்போர்ட் என்ற மருத்துவர் ஒரே குடும்பத்தில் இந்த இரண்டும் சேர்ந்து வருவதைக் கவனித்து எழுதினார். வடிகட்டியின் சுவரில் கொலாஜன் 4 என்ற புரதம் இருக்கிறது. அதே புரதம் உள்காதிலும் கண் லென்ஸைச் சுற்றிய உறையிலும் உண்டு. அதைச் செய்யும் மரபணுவில் கோளாறு இருந்தால் மூன்றும் பாதிக்கப்படும். பெரும்பாலான குடும்பங்களில் அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அம்மா வழியாக மகனுக்கு வந்து அவனைக் கடுமையாகத் தாக்கும். தொண்டை வலி வந்தால் இதிலும் சிறுநீர் கறுக்கும், ஐஜிஏவைப் போலவே. அதனால் இன்னும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்று காரியம் செய்யுங்கள். தம்பிக்கு ஆடியோமெட்ரி, அதாவது காது கேட்கும் திறன் டெஸ்ட். சாதாரணப் பேச்சு கேட்டாலும் உயர்ந்த ஸ்வரம் கேட்காமல் போவது அதில்தான் தெரியும். கண் டாக்டரிடம் ஸ்லிட் லாம்ப் பரிசோதனை. அப்புறம் உங்கள் அம்மாவின் சிறுநீர், உங்கள் சிறுநீர். இந்தக் கோளாறைச் சுமக்கும் பெண்கள் அநேகமாக எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் போய்க்கொண்டிருக்கும்.

மருந்தே இல்லை என்று எங்காவது படித்துப் பயந்துவிடாதீர்கள். கோளாறைச் சரிசெய்ய மருந்து இல்லைதான். ஆனால் ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளைப் புரதம் போக ஆரம்பிக்கும்போதே கொடுத்தால் டயாலிசிஸ் வரும் நாளைப் பல வருஷம் தள்ளிப் போட முடிகிறது. மாமாவின் இளமையில் யாரும் இதைத் தேடவில்லை. தம்பிக்கு இப்போது தேடுகிறோம், அதுவே பெரிய வித்தியாசம். மாத்திரையை நெஃப்ராலஜிஸ்ட் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்து ஆரம்பிப்பார்.

முத்தியால்பேட்டை:

பயாப்ஸி சொன்னால் பயப்பட வேண்டாம், அதற்காக எழுதுகிறேன். குப்புறப் படுக்க வைத்து வயிற்றுக்கடியில் ஒரு துணிச்சுருள் வைத்தார்கள். ஸ்கேன் பார்த்துக்கொண்டே முதுகில் மரத்துப்போக ஊசி. அப்புறம் "மூச்சை இழுத்துப் பிடி" என்பார்கள், டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நூல் கனத்தில் இரண்டு துண்டு எடுத்தார்கள். அசையாமல் மல்லாந்து படுத்துக் கிடந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று போகும் சிறுநீரை ஒவ்வொரு தடவையும் டம்ளரில் பிடித்து நிறம் பார்த்தார்கள். பிரஷர் அடங்கியிருந்தால்தான் செய்வார்கள். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் பளு தூக்க விடவில்லை. தம்பி ஷிப்ட் வேலை என்பதால் லீவு பற்றி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வில்லியனூர் மருத்துவர்:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஆல்போர்ட் என்றால் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் துண்டு ஏறக்குறைய நார்மலாகக்கூடத் தெரியலாம். சுவர் கிழிந்து பல அடுக்காகப் பிரிந்திருப்பது எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில்தான் தெரியும். அந்த வசதி எல்லா இடத்திலும் கிடையாது. ஆகவே சில சமயம் பயாப்ஸிக்கு முன்பே மரபணு டெஸ்டுக்கு அனுப்புவார்கள். மாமா கதையை முதல் வரியிலேயே சொல்லுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள்.

கெடிலக்கரை:

போய் வந்தோம். கிரியேட்டினின் 1.2க்கு இறங்கியிருக்கிறது. ஆடியோமெட்ரியில் உயர்ந்த ஸ்வரம் இரண்டு காதிலும் குறைவு. அம்மாவின் சிறுநீரில் ஆர்பிசி 10 முதல் 15, புரதம் இல்லை. எனக்கு நார்மல், திரும்ப ஒருமுறை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மரபணு டெஸ்டுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். பிரஷருக்கு ராமிப்ரில் ஆரம்பித்து, சில நாள் கழித்துப் பொட்டாசியம் பார்க்க வரச் சொன்னார்கள்.

இன்னொரு சந்தேகம். மாமாவுக்கு ஒரு மகன், இரண்டு மகள்கள். மூத்த பெண்ணைத் தம்பிக்கு என்று சின்ன வயதிலிருந்தே பேச்சு. உறவில் கட்டுவதால் இந்த நோய் வருகிறது என்கிறார் சித்தப்பா. உண்மையா?

வில்லியனூர் மருத்துவர்:

டெஸ்ட் முடிவு வரட்டும். எக்ஸ் வழி என்று உறுதியானால் கணக்கு இதுதான். மாமாவின் மகனுக்கு அவரிடமிருந்து ஒய் குரோமோசோம்தான் போகும், எனவே இந்த நோய் போகாது. மகள்கள் இருவருக்கும் மாமாவின் ஒரே எக்ஸ் கட்டாயம் போயிருக்கும். அந்தப் பெண்கள் யாரைக் கட்டினாலும், உறவோ அசலோ, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆக, உறவில் கட்டியதால் உங்கள் வீட்டுக்கு வந்ததல்ல. ஆனால் தம்பிக்கே அந்தப் பெண்ணைக் கட்டினால் நிலைமை கனக்கிறது. பிறக்கும் பெண் குழந்தைகள் எல்லோருக்கும் அப்பா வழியே நிச்சயம் வரும், சிலருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து ஆணைப் போலவே கடுமையாகும். வேறு குரோமோசோமில் உள்ள வகையும் ஒன்று உண்டு. அதில் உறவுத் திருமணம் நேரடியாகவே ஆபத்தைக் கூட்டும். மரபியல் ஆலோசனை கேட்காமல் பேச்சை மேலே எடுத்துப் போக வேண்டாம்.

அதைவிட அவசரம், அந்தப் பெண்கள் இருவருக்கும் சிறுநீரும் பிரஷரும் பார்ப்பது. பெண்களுக்கு வராது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். மெதுவாக வரும், ஆனால் வரும். உங்கள் அம்மாவுக்கும் வருஷா வருஷம் பிரஷர், புரதம், கிரியேட்டினின் மூன்றும் வேண்டும்.

லேப் தேவி:

அக்கா, மாமா பெண்களை அழைத்து வருவதென்றால் காலையில் வாருங்கள். நானே ஸ்லைடு போட்டுப் பார்த்துத் தருகிறேன். மாதவிலக்கு முடிந்து சில நாள் கழித்து வரச் சொல்லுங்கள். வழியில் தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டாம்.

கெடிலக்கரை:

அத்தையிடம் பேசிவிட்டேன். முதலில் கோபப்பட்டார், கல்யாணப் பேச்சைக் கலைக்கப் பார்க்கிறோம் என்று நினைத்துவிட்டார். மாமாவே போனை வாங்கி, "என்னைப் போல பிள்ளைகள் கஷ்டப்படக் கூடாது, கூட்டிட்டுப் போம்மா" என்றார். அவருக்கு டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து, அடுத்த வாரம் இரண்டு பெண்களையும் அழைத்து வருகிறார்.